திரும்பத் திரும்ப வரும் சொல்

பகல் முழுக்க ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் போர்வை மடித்துவிட்டு வந்த என்னை, மூச்சுவிடக்கூட விடாமல் ஒத்திகைக்கு இழுத்துப்போனான் தம்பி. எங்கள் சனத்துக்குச் சங்கம் ஆரம்பித்து, அதற்குத் தலைவராக இருப்பவன் அவன்தான். நாளைக்குச் சங்கத்தின் புது ஹால் திறப்பு. எங்கள் பாஷையில் கிடைத்திருக்கும் ஒரே பாட்டைப் பிள்ளைகள் பாடப்போகிறார்களாம்.

"அந்தக் காலத்துல யாரோ ஆராய்ச்சிக்காரர் டேப்புல பிடிச்சு வெச்சது, அக்கா. பாடுறது நம்ம அம்மா, டேப்பு மேல பேரு எழுதியிருக்கு!"

அம்மா பாடினாளா? அதிசயம்தான்.

அவனுக்கு மூன்று வயதில், எங்கள் சனத்துப் பிள்ளைகளைப் பிடித்துப்போய் வளர்க்கும் சர்க்கார் ஹாஸ்டலின் வண்டி வந்து அவனைத் தூக்கிப்போனது. தண்ணீருக்குப் போயிருந்ததால் நான் தப்பினேன். அங்கே பேரை மாற்றினார்கள், பாஷையும் போய்விட்டது. என்னைத் தேடிக் கண்டுபிடித்தபோது அவன் மீசை நரைத்திருந்தது. பழைய பேரை அவன் கேட்கவில்லை. எனக்கும் 'தம்பி' என்றே பழகிவிட்டது. பாஷை தெரிந்தவள் இப்போது நான் ஒருத்திதான். யாரோடு பேச, சுவரோடா?

அப்படிப்பட்ட என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், பாட்டில் திரும்பத் திரும்ப வரும் சொல்லுக்கு 'விடியலே வா' என்று தாங்களே அர்த்தம் வைத்து, பிள்ளைகளின் பனியனில் அச்சடித்தும்விட்டார்கள். பெரிய மூளைக்காரர்கள்!

"மிச்சத்துக்கும் அர்த்தம் சொல்லுக்கா, சுவத்துல எழுதணும்," என்று போனில் அந்த டேப்பை ஓடவிட்டான்.

அம்மாவின் குரலேதான். எனக்கு நெஞ்சு அடைத்திருக்க வேண்டும். ஒன்றுமே ஆகவில்லை.

"இது பாட்டு இல்லடா."

"பின்ன?"

"கூப்பிடறா. சோறு ஆறுது, வான்னு சொல்றா."

"விடியல்?"

"விடியலும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. அது உன் பேரு."

பஸ் எப்போது வரும் என்று யாரோ சொன்ன மாதிரி தலையாட்டினான். "அப்ப நான் பக்கத்துலதான் இருந்தேனா?" என்று கேட்டான்.

"இல்ல. நீ போயி ரெண்டு மழைக்காலம் முடிஞ்சிருந்துச்சு. தினம் தட்டு வெச்சுட்டுக் கூப்பிடுவா. அந்த ஆள் டேப்போட நின்னதெல்லாம் அவ கண்ணுலயே படல. உன் சோத்தையும் நான்தான் தின்னேன்."

அழுகை வரும் என்று இரண்டு பேரும் நின்றோம். வரவில்லை.

"பனியன் அச்சாயிடுச்சேக்கா," என்றான்.

ஆரம்பிக்கச் சொல்லிப் பாட்டு வாத்தியார் கைதட்டினார். பிள்ளைகள் அத்தனை பேரும் சேர்ந்து அவனைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள்.