மூலையிலிருந்து இருபத்தொரு எறி

வென்ற ஆட்டத்தை யாரும் ஐந்து தரம் பார்ப்பதில்லை. நான் பார்த்தேன்.

சனிக்கிழமை எங்கள் நொஷாட்டல் பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணி, பேர்ண் மாணவிகளை 58க்கு 55 என்று வென்றது. ஞாயிறு மத்தியானத்துக்குள் அணியின் வாட்ஸ்அப் குழுவில் இதயமும் கைதட்டலும் வந்து குவிந்துவிட்டன. எங்கள் பயிற்சியாளர் கொரின் ஒரு வரிதான் எழுதியிருந்தார்: "இந்த வெற்றி மதுஜாவுடையது." மதுஜா நான்தான். அந்த வரியை எத்தனை தரம் வாசித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முதல் என் முழங்கால் நாண் அறுந்தது. சத்திரசிகிச்சை செய்தும் பழைய ஓட்டம் வரவில்லை. வீட்டில் இருந்து அழாமல், அணிக்கு வீடியோ பார்க்கும் வேலையைக் கேட்டு வாங்கினேன். ஒவ்வோர் ஆட்டத்தையும் துண்டு துண்டாக வெட்டி, நாங்கள் எங்கே சறுக்கினோம், அடுத்து மோதப்போகிறவர்கள் எங்கே சறுக்குவார்கள் என்று வியாழக்கிழமைக்குள் இரண்டு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை நாங்கள் ஆடிய தடுப்பு முறை என் யோசனை. ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொண்டு திரியாமல், ஒவ்வொருத்தியும் ஓர் இடத்தைக் காப்பது. சோன் என்போம். அடுத்த வருடம் கொரினுக்குப் பக்கத்தில், துணைப் பயிற்சியாளர் கதிரையில் ஒருத்தியை இருத்தப்போகிறார்கள் என்ற கதை ஏற்கெனவே இருந்தது. அந்தக் கதிரை எனக்கு வேண்டும். ஆடத்தான் முடியாது, பக்கத்தில் இருந்தாவது சத்தம் போடலாமே.

ஐந்தாம் தரம் பார்க்கும்போதுதான் எண்ணத் தொடங்கினேன். எண்ணாமலே விட்டிருக்கலாம்.

என் சோன் இரண்டு மூலையையும் திறந்து விட்டிருந்தது. பேர்ண் பெண்கள் அங்கே தனியே நின்று, ஒரு கையும் மறிக்காமல், இருபத்தொரு தரம் மூன்று புள்ளிக்கு எறிந்திருந்தார்கள். மூன்றுதான் விழுந்தது. மிச்சம் பதினெட்டும் வளையத்தில் பட்டுத் தெறித்தன. சும்மா நிற்கிறவர்கள் எறிந்தாலே மூன்றுக்கு ஒன்று விழும் இடம் அது. ஏழு விழுந்திருந்தால் அவர்களுக்கு இன்னும் பன்னிரண்டு புள்ளி. நாங்கள் ஒன்பதால் தோற்றிருப்போம். நான் ஒன்றும் வெல்லவில்லை. அவர்களுக்கு அன்றைக்குக் கை சரியில்லை, அவ்வளவுதான்.

எண்ணிய கடதாசியைக் கிழித்தேன். பிறகு குப்பைக்கூடையிலிருந்து எடுத்து இன்னொரு தரம் எண்ணினேன். இருபத்தொன்றுதான்.

அடுத்த சனிக்கிழமை அரையிறுதி. பாசல் அணியோடு, பாசலில். அவர்களிடம் பதினோராம் இலக்கம் போட்ட ஒருத்தி இருக்கிறாள். மூலையில் நின்றால் கண்ணை மூடிக்கொண்டு போடுவாள். என் மச்சாள் ஹரிஷா. அப்பாவின் தங்கச்சி தில்லைநாயகி மாமியின் மகள். அவளுக்கு முன்னால் என் சோனைக் கொண்டுபோய் வைப்பது கோழியைப் பிடித்து நரியிடம் கொடுக்கிற மாதிரி. மற்ற நால்வருக்கும் தூரத்து எறி வராது. ஆபத்து அவள் ஒருத்திதான்.

ஞாயிறு பின்னேரம் அம்மா பீல் நகரத்திலிருந்து திரும்பி வந்தா. அங்கே குலேந்திரன் மாமாவின் மகளுக்குச் சாமத்தியவீடு, பெரியபிள்ளையான கொண்டாட்டம். நான் போகவில்லை; எனக்குப் பல்கலைக்கழகச் சோதனை என்று அங்கே சொல்லப்பட்டது. சோதனை முடிந்து இரண்டு கிழமை. அம்மா சேலையைக்கூட மாற்றாமல் கதிரையில் விழுந்து, வந்தவர் வராதவர் கணக்கைத் தொடங்கினா.

"மாமி வந்தவ. ஹரிஷா வரேல்ல. தோள்மூட்டு விலகிப் போச்சாம், பாவம். கையைத் தலைக்கு மேல தூக்க ஏலாதாம்."

"எந்தத் தோள்?"

"பந்து எறியிற தோள்தான். ஏன் பிள்ளை, முகமெல்லாம் சிரிக்குது?"

எனக்குச் சிரிப்பு வந்தது உண்மை. மச்சாளின் தோள் விலகியதற்குச் சிரித்த என்னை என்ன செய்வது என்று தெரியவில்லை. ஆனால் மூளை அதற்குள் எழுதத் தொடங்கிவிட்டது. ஹரிஷா எறியாவிட்டால் பாசலுக்கு மூலையே கிடையாது. மூலை இல்லாவிட்டால் என் சோன் நல்ல சோன். இருபத்தொரு எறியைப் பற்றி யாருக்கும் ஒரு சொல் சொல்லத் தேவையில்லை.

வியாழக்கிழமை அறிக்கையில் வெற்றியைப் பற்றி முக்கால் பக்கம் எழுதினேன். பந்தைப் பறித்த விதம், கடைசி இரண்டு நிமிடம், எல்லாம் உண்மை. மூலைகளைப் பற்றி மட்டும் ஒன்றும் எழுதவில்லை. பாசலைப் பற்றி: "இலக்கம் 11க்குத் தோளில் காயம். எறிய முடியாது. சோனையே தொடரலாம்."

கொரின் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இது எங்கேயும் செய்தியாக வரவில்லையே. நிச்சயமா?"

"என் குடும்பத்திலிருந்து வந்த தகவல்."

"அப்படியானால் நிச்சயம்தான்," என்றார் அவர். பாவம், அவருடைய குடும்பத்தில் அப்படியாக்கும்.

அன்றைக்கிருந்து எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. விரிவுரையில் இருந்தால் கால் தானாக ஆடுகிறது. ஏரிக்கரையில் நடந்தால் பாதி வழியில் திரும்பி வருகிறேன். ஹரிஷாவுக்கே போன் எடுத்துத் தோள் எப்படி என்று கேட்கலாம். கேட்டால் அது உளவு. கேட்காவிட்டால் சுகம் விசாரிக்காத மச்சாள். போனை எடுப்பதும் வைப்பதுமாக ஒரு நாள் போனது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்தரைக்கு வீட்டில் நின்றபடி இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஏழு மணிக்குக் கடைசிப் பயிற்சி. அம்மா போனில் யாரோடோ கதைத்துக்கொண்டிருந்தா. ஞாயிற்றுக்கிழமை ஏதோ புது வீடு குடிபூரல், எங்களையும் வரச்சொல்கிறார்கள் என்று விளங்கியது.

"எங்க வாறது, மதுஜாவுக்கு முழங்கால் திரும்பவும் வீங்கிப் போச்சு. காலை நிலத்தில ஊன்ற ஏலாமல் கிடக்கிறாள். அவளை விட்டிட்டு நான் எப்பிடி…"

நான் இரண்டு காலிலும் ஊன்றி நின்று சொதி ஊற்றிக்கொண்டிருந்தேன். அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே இதைச் சொன்னா. குரலில் அவ்வளவு கவலை. எனக்கே ஒரு கணம் முழங்காலைத் தொட்டுப் பார்க்கத் தோன்றியது.

போனை வைத்ததும் கேட்டேன். "ஏனம்மா பொய் சொல்லுறீங்கள்?"

"இது பொய்யோ? சும்மா வரேலாது எண்டு சொன்னாக் கோவிப்பினம். வருத்தம் எண்டு சொன்னா ஒருத்தரும் கோவிக்க மாட்டினம். மரியாதைக்குச் சொல்லுறதுதானே."

கையில் இருந்த கோப்பையை மேசையில் வைத்தேன். "அப்ப ஹரிஷாவின்ர தோள்?"

"அதுக்கென்ன?"

"அது உண்மையோ?"

"எனக்கென்ன தெரியும். மாமி சொன்னவ."

"நீங்கள் நம்பினீங்களோ?"

"நான் ஏன் நம்ப வேணும்? அவ சொன்னா, நான் கேட்டன். அவளுக்கு அண்டைக்குப் பிராக்டிசா இருந்திருக்கும். சபையில அதைச் சொல்ல ஏலுமோ?"

எனக்கு வந்த ஆத்திரம் அம்மாவில் அல்ல. இருபத்திரண்டு வருடம் இந்தக் குடும்பத்தில் வளர்ந்தவள் நான். எனக்கு வந்த காய்ச்சல்களில் பாதி, எனக்கே தெரியாமல் வந்தவை. அதே ஞாயிறு எனக்கு இல்லாத சோதனையைச் சாட்டுச் சொன்ன வீட்டில் இருந்துகொண்டு, மாமி சொன்ன தோளை மட்டும் வைத்தியர் அறிக்கை மாதிரித் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். எனக்கு அது உண்மையாக இருக்க வேண்டியிருந்தது. அதுதான் விசயம்.

அறைக்குள் போய்க் கொரினுக்குப் போன் எடுத்தேன். சொன்னால் தோளை மட்டும் சொல்ல முடியாது. அப்படியானால் சோன் ஏன் கூடாது என்று கேட்பார். இருபத்தொரு எறியும் வெளியே வரும். "இந்த வெற்றி மதுஜாவுடையது" என்ற வரி பொய்யாகும். கதிரை போகும். இரண்டு தரம் மணி அடித்தது. அழைப்பை வெட்டினேன்.

உடனே அவரே திருப்பி எடுத்தார். "என்ன மதுஜா?"

"ஒன்றுமில்லை. கை பட்டுவிட்டது."

எவ்வளவு இலகுவாக வந்தது வாயில்! யோசிக்கக்கூட இல்லை.

ஏழு மணிப் பயிற்சியில் சுவரோடு சாய்ந்து நின்றேன். ஒன்றரை மணி நேரம் எங்கள் அணிப் பிள்ளைகள் சோனையே ஆடிப் பழகினார்கள். மூலைகள் வெறுமையாகக் கிடந்தன. தோள் உண்மையாகவே விலகியும் இருக்கலாம், யார் கண்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் பாசல் மண்டபத்துக்குள் நுழைந்ததும் முதலில் தேடியது பதினோராம் இலக்கத்தைத்தான். ஹரிஷா அப்போதுதான் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் ஓடி வந்து கட்டிப்பிடித்தாள்.

"மச்சாள், நீ எப்பிடி வந்தனி? முழங்கால் திரும்ப வீங்கி, ஊன்ற ஏலாமல் கிடக்கிறாய் எண்டு அம்மா சொன்னா!"

அம்மாவின் பொய் ஓர் இரவுக்குள் பாசல்வரை வந்துவிட்டது.

"எனக்கு ஒண்டுமில்லை. உன்ர தோள்?"

"என்ர தோளுக்கு என்ன?" என்று கேட்டவள், பிறகு விளங்கிச் சிரித்தாள். "ஐயோ, அது சாமத்தியவீட்டுத் தோள்!" சிரித்தபடியே போய், மூலையில் நின்று ஒரு பந்தை எறிந்தாள். வளையத்தைத் தொடாமல் உள்ளே போனது. அடுத்ததும் அப்படித்தான்.

ஆட்டம் தொடங்க இருபது நிமிடம் இருந்தது. கொரினை உடுப்பு மாற்றும் அறை வாசலில் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். தோள் பொய். சோன் கூடாது. போன கிழமை நாங்கள் வென்றது சோனால் அல்ல. அணி எனக்குத் தந்திருந்த டாப்லெட்டில் இருபத்தொரு துண்டையும் ஓட்டிக் காட்டினேன். அவர் எட்டாவதிலேயே போதும் என்று கை காட்டினார். உள்ளே போய், "ஆளுக்கு ஆள் ஆடுகிறோம், பதினொன்றை ஒரு நிமிடமும் தனியே விடாதீர்கள்" என்றார். பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். நான் நிலத்தைப் பார்த்தேன்.

பழகாத தடுப்பு. முதல் பாதியில் ஒருத்தியோடு ஒருத்தி இடித்துக்கொண்டார்கள், ஹரிஷா பதினான்கு புள்ளி போட்டாள். இரண்டாம் பாதியில் பிடித்துக்கொண்டார்கள். கடைசி நிமிடத்தில் ஒரு புள்ளிவரை நெருங்கினோம். 61க்கு 57, தோற்றோம். இன்னும் ஒரு மணி நேரம் பழகியிருந்தால் வென்றிருப்பார்கள். அதை மண்டபத்தில் என்னைத் தவிர யாரும் அறியவில்லை.

பிள்ளைகள் குளிக்கப் போனபின் கொரின் என் பக்கத்தில் வந்து இருந்தார். அவருக்குக் கோபமில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"பிழையான தகவல் யாருக்கும் வரும்," என்றார். "உன் மச்சாளைக் கண்டு பத்து நிமிடத்தில் வந்து சொன்னாய். உன் சொந்தத் திட்டம் பிழை என்றும் சேர்த்துச் சொன்னாய். அப்படி ஒருத்திதான் எனக்குப் பக்கத்தில் வேண்டும். அடுத்த வருடம் அந்தக் கதிரை உனக்குத்தான். திங்கட்கிழமை கடிதம் எழுதுகிறேன்."

நான் கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு நன்றி என்று சொன்னால் போதும். உள்ளேயிருந்து யாரோ ஒரு பிள்ளை அழும் சத்தம் கேட்டது. கடைசி வருடக்காரி, இனி அவளுக்கு ஆட்டம் இல்லை.

"பத்து நிமிடம் இல்லை," என்றேன். "எனக்கு நேற்றே சந்தேகம் வந்துவிட்டது. பின்னேரம் ஐந்தரைக்கு. இருபத்தொரு எறியும் போன ஞாயிற்றுக்கிழமையே தெரியும்."

கொரின் முழுதாக என் பக்கம் திரும்பினார்.

"நீ எனக்கு எடுத்தாயே, அப்போதா?"

"ஓம்."

"கை பட்டது என்றாய்."

"ஓம்."

பயிற்சி ஏழு மணிக்குத்தானே, மாற்றிப் பழகியிருக்கலாமே என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நல்லது. எழுந்து நின்று கையை நீட்டினார். முதலில் எனக்கு விளங்கவில்லை, கை கொடுக்கிறார் என்று நினைத்தேன். பிறகு விளங்கியது. டாப்லெட்டைக் கொடுத்தேன். அதைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடிவிட்டுப் பிள்ளைகளிடம் போனார்.

ரயிலில் யாரும் என் பக்கத்தில் இருக்கவில்லை. அழுதேன், மறைக்கவில்லை. பாசலிலிருந்து நொஷாட்டலுக்கு ஒன்றரை மணி நேரம். வழக்கமாக ஆட்டம் முடிந்து ரயில் ஏறினால் ஊர் வருவதற்குள் பாதி ஆட்டத்தை வெட்டி முடித்திருப்பேன். அன்றைக்கு இரண்டு கையையும் எங்கே வைப்பதென்று தெரியவில்லை.