வின்சென்டின் சைக்கிளுக்கு ஒரு ஃபோர்க்

கணவன் வின்சென்ட் இறந்த மறு ஆண்டு, ஜூலை நெருங்கும்போதுதான் பிரிஸில்லா அவன் சைக்கிளை மூடியிருந்த துணியை எடுத்தாள். சக்கரங்கள் சுழன்றன, பிரேக் பிடித்தது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்தான் கெட்டுப்போயிருந்தது. மேடுபள்ளத்தின் அதிர்வை வாங்கிக்கொள்ளும் அதன் இரண்டு கால்களையும் கடற்காற்று அரித்திருந்தது. உள்ளே இருந்த எண்ணெய் கசிந்து தரையில் கறையாகப் படிந்திருந்தது.

ஜூலையில் கடலுக்கு அக்கரையில், புக்கிட் மெர்தாஜாமில், செயின்ட் ஆன்ஸ் மாதா கோயில் திருநாள். வின்சென்ட் ஆண்டுதோறும் நேர்ச்சை மெழுகுவர்த்தியை முதுகில் கட்டிக்கொண்டு, ஃபெரியில் கடலைத் தாண்டி, சைக்கிளிலேயே கோயிலுக்குப் போவான். போன முறை வாங்கிய மெழுகுவர்த்தி சாமி படத்துக்குப் பக்கத்தில் ஏற்றாமலே நிற்கிறது. திருநாளுக்கு முன்பே அவன் தூக்கத்தில் போய்விட்டான்.

"இந்த வருஷம் நான் ஓட்டிட்டுப் போறேன் அண்ணி. நீங்க எல்லாரோடயும் வேன்ல வாங்க," என்று டெரிக் சொல்லியிருந்தான். வின்சென்டின் தம்பி, அதே உயரம். அண்ணனின் சட்டைகளும் அவனுக்குத்தான் போயிருந்தன. பிரிஸில்லா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவளும் தினம் காய்கறி வாங்கப் பாசாருக்குச் சைக்கிளில்தான் போய்வருகிறாள். அது யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

இருவரும் சைக்கிளைச் சீனி முகம்மது கடைக்குக் கொண்டுபோனார்கள். வின்சென்டுக்கு அதை விற்றவரே அவர்தான். சுற்றிவந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இப்ப வர்ற ஃபோர்க்கெல்லாம் பெரிய வீலுக்குத்தான் தங்கச்சி. குழாயும் கீழ பெருத்து மேல சிறுத்து வருது. இந்தப் பழைய ஃப்ரேம் கழுத்துல நுழையாது லா."

"வேற வழியே இல்லையாண்ணே?" என்றாள் பிரிஸில்லா.

அவர் உள்ளே போய் ஒரு பழைய ஃபோர்க்கோடு வந்தார். யாரோ கழற்றிப் போட்டது. கால்களில் ஒரு கீறல் இல்லை. சக்கரத்தை வைத்துப் பார்த்தார், அச்சு பொருந்தியது. பிரேக்குக்கான துளைகளும் பொருந்தின. வின்சென்டின் ஃபோர்க் அமுங்கும் அளவுதான் இதுவும் அமுங்கியது.

"அப்புறம் என்ன, போட்ருங்க," என்றான் டெரிக்.

சீனி முகம்மது இரண்டையும் தரையில் பக்கம் பக்கமாகக் கிடத்தினார். அவர் கொண்டுவந்ததன் மேல்குழாய் மூன்று விரல் குறைவாக இருந்தது.

அந்தக் குழாய்தான் ஃப்ரேமின் கழுத்து வழியாக ஏறி, மேலே ஹேண்டலைத் தாங்குவது. ஓட்டுகிறவரின் உயரத்துக்குத் தக்கபடி கடைக்காரர் அதை வெட்டிக் கொடுப்பார். இதற்கு முன்பு சொந்தக்காரராக இருந்தவர் குள்ளம் போலிருக்கிறது. வின்சென்டோ குழாயை நீளமாக விட்டு, ஹேண்டலுக்கு அடியில் கறுப்பு வளையங்களை அடுக்கி உயர்த்தியிருந்தான்.

"வெல்டிங்ல ஒட்டிக்கலாமே. எங்க ஃபேக்டரில ஆள் இருக்கான்," என்றான் டெரிக்.

"வெட்டுனது வெட்டுனதுதான் தம்பி. ஓடுறப்ப ஒட்டு விட்டுச்சுன்னா உன் மூஞ்சிய எந்த ஃபேக்டரில ஒட்டுவ?"

டெரிக் சிரித்தான். "அப்ப கெப்பாலா பத்தாஸ் வயல்ல நாத்து நடுறவன் மாதிரி குனிஞ்சுக்கிட்டேதான் ஓட்டணும்."

"வளைஞ்ச ஹேண்டல் ஒண்ணு போட்டா உனக்குக் கொஞ்சம் சரியாகும்," என்ற சீனி முகம்மது பிரிஸில்லாவைப் பார்த்தார். "வின்சென்டுக்கே இந்த ஃப்ரேம் சின்னதுதான் தங்கச்சி. மலிவா வருதுன்னு ஒத்தக்கால்ல நின்னான். 'இது உன் வீட்டுக்காரி சைஸுடா'ன்னு அன்னிக்கே சொன்னேன். கேட்டானா?"

அப்படி ஒரு பேச்சு நடந்தது பிரிஸில்லாவுக்குத் தெரியாது. வின்சென்ட் வீட்டில் சொன்னதில்லை.

வளையங்கள் ஒவ்வொன்றாக மேசைக்கு வந்தன. ஃபோர்க் கழுத்துக்குள் ஏறியது. ஹேண்டல் நேரே கழுத்தின்மேல் உட்கார்ந்தது. சீனி முகம்மது சின்னப் பம்பை எடுத்து ஃபோர்க்கின் தலையில் திருகினார்.

"இது காத்துல வேலை செய்யுற ஃபோர்க். ஓட்டுற ஆளோட எடைக்குத் தக்கன அடிக்கணும். யாருக்கு அடிக்க?"

டெரிக் வாயைத் திறந்தான்.

"எனக்கு," என்றாள் பிரிஸில்லா.

"அண்ணி, அந்தப் பக்கம் லோரி போற ரோடு."

"பாசாருக்குப் போற ரோட்ல மட்டும் என்ன, பூவா தூவி வச்சிருக்கு?"

சீனி முகம்மது எடையைக் கேட்டார். அவள் சொன்னபோது டெரிக் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றான். பம்பின் முள் சிறிது தூரம் ஏறி நின்றது. வின்சென்டுக்காக இருந்தால் இன்னும் போயிருக்கும். அவர் சீட்டை இறக்கினார். இத்தனை காலம் வெளியே நின்ற கம்பியின் துருப்பிடித்த பகுதி, எண்ணெய் தடவியதும் முனகிக்கொண்டே உள்ளே இறங்கியது.

பிரிஸில்லா ஏறி உட்கார்ந்தாள். ஃபோர்க் அவள் பாரத்துக்குக் கொஞ்சம் தாழ்ந்து, தாங்கி நின்றது. கைகள் நீட்டாமலே ஹேண்டலைத் தொட்டன. அது வின்சென்டின் கைகள் இருந்த உயரம் இல்லை. அவள் கண்களைத் துடைத்துக்கொண்டு தெருமுனைவரை ஓட்டிப்போய்த் திரும்பி வந்தாள்.

"பிரேக் லேசா உரசுதுண்ணே," என்றாள்.

அவர் குனிந்து சரிசெய்தார்.

"டெரிக், மெழுகுவர்த்திய நீங்க வேன்ல கொண்டு வந்துருங்க. என் முதுகுக்கு அது நீளம்."

டெரிக் மேசைமேல் கிடந்த வளையங்களை அள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அண்ணனின் சட்டை அது.

"ஃபெரில ஏறுனதும் போன் பண்ணுங்க அண்ணி," என்றான்.