எதுவும் மூழ்காத கிணறு

1957 ஆடி மாதம் இரண்டாம் வெள்ளியிலிருந்து, வெண்ணந்தூருக்குத் தெற்கே இருந்த அந்த ஊரின் பொதுக்கிணற்றில் எதுவும் மூழ்கவில்லை. வாளி மிதந்தது, குடம் மிதந்தது, பஞ்சாயத்துத் தலைவர் அப்புசாமி ஆத்திரத்தில் உருட்டிவிட்ட ஆட்டுக்கல்லும் தக்கையாட்டம் மிதந்தது.

அதற்கு முந்தின நாள் நடந்தது இவ்வளவுதான். சேலத்திலிருந்து வேலைக்கு வந்திருந்த செல்வமேரி டீச்சர், மூன்றாம் வகுப்பில் அண்டா நிறையத் தண்ணீர் வைத்து, எது மிதக்கும், எது மூழ்கும் என்று கேட்டாள். பிள்ளைகள் புளியங்கொட்டை, எலுமிச்சை, பாக்கு என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் போட்டுப் பார்த்தார்கள். மெதுவாகப் படுக்க வைத்தால் ஊசிகூட மிதப்பதைக் கண்டு கூச்சல் போட்டார்கள். "நான் சொன்னேன்னு நம்பாதீங்க. வேற தண்ணியிலயும் போட்டுப் பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்றாள். முப்பத்தோரு பேரும் நேராகக் கிணற்றுக்குப் போய் ஆளுக்கொரு ஊசியை மிதக்க விட்டார்கள்.

கையால் அள்ளினால் மட்டும் தண்ணீர் வரும் என்பதைக் குப்பாயி என்கிற ஒன்பது வயதுப் பெண் கண்டுபிடித்தாள். பெண்கள் நாற்பது படி இறங்கி அள்ளி அள்ளி ஊற்றினார்கள். ஒரு குடத்துக்கு அரைமணி. தறிக்கு நேரமாச்சு, காட்டுக்கு நேரமாச்சு என்று ஊரில் சண்டை ஓயவில்லை.

"ஏனுங்க டீச்சர், நல்லா இருந்த கெணத்த இப்பிடிப் பண்ணிப் போட்டீங்களே" என்று அப்புசாமி பள்ளிக்கூட வாசலில் வந்து கேட்டார். செல்வமேரி வீட்டில் தட்டில் தண்ணீர் ஊற்றி ஊசிகளைத் தூக்கிப் போட்டுப் பார்த்தாள். எல்லாம் ஒழுங்காக மூழ்கின. ஜெபமும் கைகொடுக்கவில்லை. பிள்ளைகளைச் சோதித்துப் பார்க்க விட்டதே தப்போ என்று பயந்து, வாய்ப்பாடு மட்டும் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். அவளை வேறு ஊருக்கு மாற்றச் சொல்லி மனு எழுதி ஊரே கைநாட்டு வைத்தது.

மாசியில் ஒரு மத்தியானம், குப்பாயியின் அம்மா ஆராயி, புருஷன் அடித்த அடியில் காது கிழிந்து, அந்தக் கிணற்றில் குதித்தாள். ஆளையும் அது தாங்குமா என்று அதுவரை யாரும் சோதித்ததில்லை. செல்வமேரி ஓடிப்போய்ப் பார்த்தபோது, பாயில் கிடப்பதுபோல ஆராயி தண்ணீர்மேல் கிடந்தாள். முந்தானைகூட நனையவில்லை.

"இதுகூட என்னைய உள்ள உட மாட்டேங்குதுங்களே டீச்சர்!"

செல்வமேரி செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீர்மேல் கால் வைத்தாள். நடந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "உடாட்டிப் போகுதுங்க. எந்திரிங்க, எங்க வீட்டுக்குப் போலாம்." பொழுது சாயும்வரை இருவரும் அங்கேயே இருந்தார்கள். ஊரே மேட்டில் நின்று பார்த்தது.

ஆராயி மகளோடு டீச்சர் வீட்டிலேயே தங்கிவிட்டாள். கத்திக்கொண்டு வந்த புருஷனை அப்புசாமியே தெருமுனையில் நிறுத்தித் திருப்பி அனுப்பினார். மாற்றல் மனுவையும் போய்த் திரும்ப வாங்கி வந்துவிட்டார். வகுப்பில் பிள்ளைகள் காந்தம், கண்ணாடி, மெழுகுவத்தி என்று மறுபடி நோண்டிப் பார்த்தார்கள்.

அறுபதுகளில் இளம்பிள்ளை, எடப்பாடிப் பக்கமிருந்தெல்லாம் பெண்கள் தனியாக வந்து பஸ் இறங்கி, கிணறு எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். ஊரில் யாரும் காரணம் விசாரிப்பதில்லை. கையைக் காட்டிவிட்டு, உலையில் இன்னொரு ஆளுக்கும் சேர்த்து அரிசி போடுவார்கள்.