இடம் பிடிக்கப் போட்ட பிள்ளை

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இடம் பிடிப்பதற்கென்று ஒரு சரித்திரமே உண்டு. முதலில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டார்கள். துண்டைத் தள்ளிவிட்டு உட்காரும் தைரியசாலிகள் கிளம்பியதும் பையைப் போட்டார்கள். பைக்கும் மரியாதை போன பிறகு பிள்ளையைப் போட ஆரம்பித்தார்கள். பிள்ளையைத் தூக்கி எறிய யாருக்கு மனசு வரும்?

தொண்ணூற்றாறில், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மத்தியானம், கிளாராவும் அதைத்தான் செய்தாள். வடமதுரையில் அவள் அம்மா வீடு. அரை மணி நேரப் பயணம்தான். ஆனாலும் கூட்டத்தைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. வடமதுரை போர்டு மாட்டி வந்து நின்ற தனியார் பஸ்ஸின் பின்ஜன்னலில் மூன்று வயது மகள் வினோலியாவை நுழைத்தாள்.

"சீட்டுல நீட்டிப் படுத்துக்க. யாரு சொன்னாலும் எந்திரிக்கக் கூடாது."

முன்பக்கம் டிரைவர், "வண்டி போகாது, ஏறாதீங்க" என்று கத்தியது அவள் காதில் விழவில்லை. முண்டியடித்துப் படிக்கட்டுக்கு வருவதற்குள் பஸ் நகர்ந்து வெளியே போய்விட்டது.

டைம் கீப்பர் சூசையிடம் ஓடினாள்.

"அது டிரிப்பு கட்டும்மா, இன்னிக்கு ஓடாது. ஷெட்டுக்கு அனுப்பிட்டேன்."

"உள்ள எம்பிள்ளை இருக்குண்ணே."

சூசை நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "பிரேக்கு சரியாப் பிடிக்கலைன்னுதானம்மா அனுப்புனேன்" என்றார்.

கிளாரா ஒரு ஆட்டோவைப் பிடித்து ஷெட்டுக்கு விரட்டினாள். பிறந்ததிலிருந்து பஸ்ஸில் போகிறவள், அந்த பஸ்கள் எங்கே போய் ஒடுங்குகின்றன என்று ஒருநாளும் யோசித்ததில்லை. ஷெட்டில் எல்லாம் ஒரே நிறத்து வண்டிகள். ஒன்றுக்குச் சக்கரம் இல்லை, ஒன்றுக்குச் சீட்டே இல்லை. மூலையில், பயணிகள் விட்டுப்போன குடை, தூக்குச்சட்டி, ஒற்றைச் செருப்புகள். குவியலில் ஒரு குழந்தைச் செருப்பைக் கண்டதும் அவளுக்கு உயிரே போய்விட்டது. அது வினோலியாவுடையது இல்லை.

டிரைவர் ஒச்சப்பன் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"பிள்ளையா? கண்ணாடியில பாத்தேனே, காலியால்ல கெடந்துச்சு."

படுத்துக் கிடந்த பிள்ளை கண்ணாடியில் எப்படித் தெரியும்? விஷயம் புரிந்ததும் அவர் ஈர முகத்தோடு ஓடினார். அதற்குள் வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஒரு சக்கரத்தைக் கழற்றியிருந்தார்கள்.

வினோலியா சீட்டுக் கம்பியைக் கட்டிப்பிடித்துக் கிடந்தாள். கவுன் நனைந்திருந்தது. கண் திறந்தபடி இருந்தது, சத்தமே இல்லை.

"அம்மா வந்துட்டேன், எந்திரிடி."

மறுபடி மறுபடி சொன்ன பிறகுதான் எழுந்தாள். கிளாரா அவளைக் கட்டிக்கொண்டு கதறினாள். ஒச்சப்பன் படியில் உட்கார்ந்துவிட்டார்.

பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பியபோது அடுத்த வடமதுரை வண்டி வந்து நின்றது. கூட்டம் பாய்ந்தது. நின்றுகொண்டே போய்விடலாம் என்று கிளாரா மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

வினோலியா அந்தக் கையை விடுவித்துக்கொண்டாள். பஸ்ஸைப் பார்த்தபடி, தூக்குவதற்கு வாகாக இரண்டு கைகளையும் உயர்த்தினாள்.

"எந்த ஜன்னல்ம்மா?"