கதவுக்குள் நின்ற தண்ணீர்

தங்கச்சிப் பாசம் என்ன விலை என்று கேட்டால் லைட்டுக்கடைக்காரர் யோசிக்காமல் சொல்வார்: பழைய கார் ஒன்றின் சந்தை விலையில் சரிபாதி. தன் காரைத் தங்கை வீட்டுக்குக் கொடுத்தபோது ஒரு பாதியைப் பணமாக வாங்கிக்கொண்டு, மறுபாதியைப் பாசத்தில் எழுதிவிட்டார். எழுதியதோடு விட்டாரா? பல்பு வாங்க வந்தவர்களுக்கெல்லாம் அதை வாசித்தும் காட்டினார்.

பணம் கொடுத்தவர் தங்கையின் கணவர். குழாயும் வாஷ்பேசினும் கக்கூஸ் சாமானும் விற்பவர்; தெருவில் அவருக்குப் பெயரே பைப்புக்கடை. அவர் பார்த்த கணக்கு வேறு. "உங்க அண்ணன் பாதி விலைக்குத் தரலடி. குப்பையில தள்ள வேண்டிய வண்டிக்கு நம்மகிட்ட பாதி விலை கறந்துட்டாரு" என்றார் மனைவியிடம், சாவி கைக்கு வந்த அன்றே.

இந்த இரண்டு வியாபாரிகளுக்கும் நடுவில் காரை உண்மையில் ஓட்டியவள் தங்கைதான். கல்யாணமான நாளிலிருந்து பைப்புக்கடையின் கல்லாவில் உட்கார்ந்து, சில்லறை எண்ணி, கணவரின் முணுமுணுப்பையும் சேர்த்து எண்ணி, ஒருநாள் போதும் என்று எழுந்தவள். இப்போது ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களின் வீடுகளுக்குப் போய் ரத்தம் எடுத்து, ஐஸ்பெட்டியில் வைத்து, சூடேறுவதற்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். கார் இல்லாவிட்டால் அந்த வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் மறுபடியும் கல்லா.

மழை பிடித்ததும் கார் தன் புத்தியைக் காட்டியது. இடதுபக்கம் திரும்ப இண்டிகேட்டர் போட்டால் வைப்பர் ஆடியது. பிரேக்கை மிதித்தால் உள்விளக்கு எரிந்தது. சும்மா நிற்கும்போதே கதவுகள் தாமாகப் பூட்டிக்கொள்வதும் திறந்துகொள்வதுமாக டக் டக்கென்று நாக்குச் சொடுக்கின. கால் வைக்கும் இடத்தில் விரிப்பைப் பிழிந்தால் வாளியில் பிடிக்கலாம். கடைசியில் ஒரு நாள் பாலத்துக்கு நடுவே பேட்டரி செத்துப்போக, ஐஸ் கரைந்து அன்றைக்கு எடுத்த ரத்தம் அத்தனையும் வீணானது. கூடத்து மேனேஜர் குரலை உயர்த்தவில்லை. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உங்க ஏரியாவ வேற ஆளுக்குக் கொடுத்துடுவேம்மா" என்று மட்டும் சொன்னார்.

பைப்புக்கடைக்கு அது தேன் வந்து பாய்ந்த மாதிரி.

"திங்கக்கிழமை இந்தச் சனியனை உங்க அண்ணன் வாசல்ல விட்டுட்டு வந்துடறேன். கல்லா காலியாத்தான் கிடக்கு. வந்து உக்காரு."

"அதுக்குள்ள வண்டி சரியாயிட்டா?"

"ஆகட்டும், பாப்போம்" என்றார், ஆகவே ஆகாது என்ற திருப்தியோடு.

தங்கை அண்ணனுக்குப் போன் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை லைட்டுக்கடைக்காரர் டெஸ்டரும் டார்ச்சும் இன்சுலேஷன் டேப்பும் நிறைந்த பையோடு வந்து இறங்கினார்.

"வாங்க மச்சான். பொணத்தப் பாத்துட்டுப் போக வந்தீங்களா?"

"எங்க வீட்டுல இருந்த வரைக்கும் உயிரோடதான் இருந்துச்சு மாப்ள. உங்க வீட்டுக்கு வந்தா யாருக்கும் உடம்பு தேறாது போல."

"உள்ள தண்ணி வருது. அத மறைச்சுத்தானே வித்தீங்க?"

"தண்ணி உங்க டிபார்ட்மென்ட். ஊர் வீடெல்லாம் ஒழுகாம பாத்துக்கறவரு, சொந்தக் காருல ஒழுகினா மச்சானைக் கூப்பிடுவீங்களோ?"

"இண்டிகேட்டர் போட்டா வைப்பர் ஆடுது. கரண்ட்டு யாரு டிபார்ட்மென்ட்? ஒழுங்கா வயர் இழுத்திருந்தா ரெண்டு சொட்டுத் தண்ணிக்கு இப்படிப் பேயாடுமா?"

"ரெண்டு சொட்டா? உள்ள மீன் வளக்கலாம் மாப்ள!"

தங்கை ரப்பர் குழாயைக் கொண்டுவந்து இருவருக்கும் நடுவில் போட்டாள். "ரெண்டு டிபார்ட்மென்ட்டும் சேந்து என் வேலைக்கு உலை வைக்காதீங்க. ஒருத்தர் உள்ள உக்காந்து தண்ணி எந்தப் பக்கமா வருதுன்னு பாருங்க. ஒருத்தர் வெளியில நின்னு அடிங்க."

யார் உள்ளே, யார் வெளியே என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை. பைப்புக்கடை அதற்குள் குழாயைக் கையில் எடுத்திருந்தார். அன்று அவர் முகத்தில் வந்த களை கல்யாண போட்டோவில்கூடக் கிடையாது.

லைட்டுக்கடைக்காரர் முன்சீட்டில் இடதுபக்கம் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, தொந்தியை மடக்கி, டார்ச்சோடு தலையை டேஷ்போர்டுக்கு அடியில் நுழைத்தார். பைப்புக்கடை முதலில் கூரைமேல் அடித்தார். பிறகு கதவுகளின்மேல். கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் பள்ளத்தில் நிறுத்தி நிதானமாக அடித்தபோது, உள்ளேயிருந்து "போதும்! வருது!" என்று சத்தம் வந்தது.

"என்னது? கேக்கல!" என்று இன்னும் கொஞ்சம் அடித்தார்.

அந்த நேரம் பார்த்துக் கதவுகள் டக்கென்று பூட்டிக்கொண்டன. ஹாரன் தானாக அலற ஆரம்பித்தது. வைப்பர்கள் இரண்டும் தலையில் அடித்துக்கொள்வதுபோல் ஆடின. அந்தப் பக்கக் கதவின் உள்கைப்பிடி எப்போதோ கையோடு வந்துவிட்ட ஒன்று; கியரைத் தாண்டி மறுபக்கம் போகத் தொந்தி சம்மதிக்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் லைட்டுக்கடைக்காரரின் வாய் அசைந்தது. என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. நல்ல வார்த்தை இல்லை என்பது மட்டும் தெரிந்தது. பைப்புக்கடை ஆடி அசைந்து கதவருகே போய்ச் சாவியைத் தேடுவதுபோல் சட்டைப்பையைத் தட்டினார்.

"பழக்கமான வண்டிதானே மச்சான், பொறுமையா வாங்க!"

சாவி தங்கையிடம் இருந்தது. தண்ணீரை நிறுத்திவிட்டு, ஓட்டுநர் பக்கம் திறந்து, பேட்டரி வயரைக் கழற்றி ஹாரனை அடக்கி, இடதுபக்கப் பூட்டை எடுத்துவிட்டு, வெளியிலிருந்து அந்தக் கதவைத் திறந்து அண்ணனை இழுத்து வெளியே விட்டாள். அவர் சட்டை தோளிலிருந்து இடுப்புவரை ஒட்டிக்கிடந்தது.

"வேணும்னே அடிச்சான்! நீ பாத்தியா இல்லையா?"

"பேசாம இருண்ணே" என்றாள். அவள் காது வேறெங்கோ இருந்தது. அண்ணன் கதவை அறைந்து சாத்தியபோது கதவுக்கு உள்ளே தளக்கென்று ஒரு சத்தம். திறந்து மறுபடி சாத்தினாள். தளக். குடத்தைத் தூக்கி நடக்கும் சத்தம். வெளியே சொட்டு விழவில்லை.

குனிந்து கதவின் அடிவிளிம்பைத் தடவினாள். தண்ணீர் வடிவதற்காகக் கம்பெனிக்காரன் விட்டிருந்த சின்னத் துளைகளில் வெள்ளை சிலிக்கான் பசை, கட்டைவிரலால் வழித்து நீவிய பதத்தில். பாத்ரூம் மூலைகளில் அந்த விரல்வேலையை அவள் ஆயிரம் முறை பார்த்திருக்கிறாள். ஒரு ஸ்க்ரூடிரைவரால் குத்தி இழுத்தாள். பசை வால்போல் வந்தது. பின்னாலேயே அழுக்குத் தண்ணீர் பீறிட்டுப் பைப்புக்கடையின் செருப்பை நனைத்தது.

"என்னங்க இது?"

"என்ன என்ன இது? வாங்கின அன்னிக்குக் கழுவினேன். கதவுக்கு அடியில ஒழுகிச்சு. ஒழுகினா அடைக்கறதுதானே என் பொழப்பு? கம்பெனிக்காரன் ஓட்டையோட வித்திருக்கான், உங்க அண்ணன் அத அப்படியே நம்ம தலையில கட்டியிருக்காரு. கடையிலேயே ஒசத்தியான பசை, கதவுக்கு ரெண்டு ஓட்டைன்னு நாலு கதவுக்கும் போட்டேன்."

லைட்டுக்கடைக்காரர் சிரித்த சிரிப்பில் ஈரச்சட்டையே காய்ந்துவிடும் போலிருந்தது. "தண்ணி வெளிய போற வழிய அடைச்சிட்டு, உள்ள தண்ணி நிக்குதுன்னு ஊரக் கூட்டினீங்களா மாப்ள? உங்க வாயில கொஞ்சம் அந்தப் பசையப் போட்டிருக்கலாம்."

தங்கை சிரிக்கவில்லை. பானட்டைத் தூக்கி, வைப்பருக்குக் கீழே உள்ள மூடியைக் கழற்றினாள். அந்தப் பள்ளம் தொட்டிபோல் தளும்பி நின்றது. அதன் இரண்டு வடிகாலிலும் அதே வெள்ளைப் பசை. தண்ணீர் ஏறி நின்ற மட்டத்தில், தகரத்தைக் குடைந்து ஒரு துளை. அதன் வழியே உள்ளே போனது ஒரு சிவப்பு வயர். டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தாள். நூல் பிடித்தாற்போல் தண்ணீர் அந்த வயரோடு வழிந்து நேராக ஃபியூஸ் பெட்டிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் பச்சைக் களிம்பு.

"அண்ணே, இது என்ன வயரு?"

சிரிப்பு நின்றது. "அது... பெரிய ஹாரன் போட்டேன்ல, அதுக்கு இழுத்தது. அவசரத்துல."

"தகரத்துல ஓட்ட போட்டா ரப்பர் வளையம் வச்சு மூடணும். உனக்குத் தெரியாதா?"

"அவருக்கா தெரியாது?" பைப்புக்கடைக்கு உயிர் திரும்பியது. "கடை வாசல்ல பாக்கெட் பாக்கெட்டாத் தொங்குது. விக்கிற சாமான எடுத்துச் சொந்த வண்டிக்குப் போட்டா லாபம் கொறஞ்சிடுமே!"

"என்கிட்ட இருந்தப்ப அந்த ஓட்ட வழியா ஒரு சொட்டு உள்ள போகல. பள்ளத்த அடைச்சுத் தொட்டி கட்டினது யாரு?"

"ஓட்ட போட்டது யாரு?"

"போதும்" என்றாள் தங்கை. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். "நீங்க ஒரு துளி விடாம பசையச் சுரண்டுங்க. நீ ஃபியூஸ் பெட்டியக் கழட்டிக் காய வச்சு, கெட்டத மாத்தி, அந்த ஓட்டைக்கு வளையம் போடு. வேல முடியற வரைக்கும் இந்த வீட்டுல ரெண்டு பேருக்கும் காப்பி கிடையாது."

முடிய மாலையாகிவிட்டது. ஒருவர் தரையில் படுத்துச் சுரண்ட, இன்னொருவர் அவர் காலை மிதிக்காமல் போனதே இல்லை. ஸ்பேனர் கேட்டால் எட்டாத தூரத்தில் வைக்கப்பட்டது. டார்ச் வெளிச்சம் வேலை நடக்கிற இடம் தவிர எல்லா இடத்திலும் விழுந்தது. ஆனால் இண்டிகேட்டர் போட்டபோது இண்டிகேட்டர் மட்டும் எரிந்தது.

திங்கட்கிழமை கொட்டுகிற மழையில் அவள் போனாள். ரத்தம் சில்லென்று போய்ச் சேர்ந்தது. வீடு திரும்பியபோது கணவர் வாசலில் நின்றார். லைட்டுக்கடைக்காரர் போனில் காத்திருந்தார். இருவருக்கும் தீர்ப்பு வேண்டும், யார்மேல் தப்பு என்று.

"அப்ப கல்லா?" என்றார் கணவர் நடுவில், விடாமல்.

"ஆள் தேவைன்னு போர்டு மாட்டுங்க." போனை இருவருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள். "கணக்கச் சொல்றேன், கேட்டுக்குங்க. அண்ணன் பேர்ல ஓட்ட ஒண்ணு. வீட்டுக்காரர் பேர்ல அடைப்பு பத்து. என் பேர்ல ஒரு பெட்டி ரத்தம், மேனேஜர்கிட்ட வாங்கின பேச்சு, ஊறிப்போன ஒரு ஜோடி ஷூ. எனக்கு வரவேண்டியது ஆளுக்கு ஒரு மன்னிப்பு. இன்னிய தேதி வரைக்கும் வரவு, ஒண்ணுமில்ல."