வர்ணம் பூசாத இடம்

நாற்காலியில் ஏறி நின்று மகள் சுவரில் மாட்டியிருந்த துணியின் ஊசிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். காலையில்தான் அம்மா செத்துப்போனாள். மாலையில் அடக்கம். அதற்குள் இந்த ஆளுயரத் துணி இங்கிருந்து போய்விட வேண்டும்.

கீழே ஓவிய டீச்சர் கையைப் பிசைந்தாள். அந்தச் சமூகக் கூடத்தில் நாளைக்குக் கண்காட்சி. அகதிப் பெண்கள் ஒவ்வொருவராகத் துணியில் படுக்க, இன்னொருத்தி உடம்பைச் சுற்றிக் கோடு போட, கோட்டுக்குள்ளே அவரவர் தங்களை வரைந்திருந்தார்கள்.

“அம்மாவோடதுதான்மா எல்லாத்துலயும் நல்லா வந்திருக்கு. விட்டுட்டுப் போயேன்.”

“எங்கம்மா தையல்காரி, டீச்சர். கீழ ‘அகதி’ன்னு சீட்டு ஒட்டுவீங்க, வர்றவன் போறவன்லாம் பாத்து உச்சுக் கொட்டுவான். வேணாம். அவகூடவே புதைச்சிடறேன்.”

சீட்டு மட்டும்தான் காரணம் என்று அவளே நம்பிக்கொண்டாள். அம்மா பெற்ற மகளிடமே அளந்து பேசுகிறவள். கட்டிப்பிடித்ததாக ஒரு ஞாபகம்கூட இல்லை. அப்பேர்ப்பட்டவள் யாரோ ஒரு டீச்சர் சொன்னாள் என்று படுத்து எழுந்து, வாரக்கணக்கில் தன்னை வர்ணத்தால் நிரப்பியிருந்தது மகளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

கடைசி ஊசியும் வந்துவிட்டது. தரையில் விழுந்த துணியில் அம்மாவின் இடது கை மட்டும் முழங்கையில் மடங்கி விலகி நின்றது. சுற்றிலும் வர்ணம் பூசியவள், கைக்கும் இடுப்புக்கும் நடுவே மட்டும் வெள்ளையாக விட்டிருந்தாள்.

“இதையும் அரைகுறையா விட்டுட்டுப் போயிட்டா,” என்றாள் மகள்.

சலவைக்கடைச் சித்தி மூக்கைச் சிந்திவிட்டுக் கிட்டே வந்தாள். அம்மாவுக்கு இருந்த ஒரே சிநேகிதி. கோடு போட்டவளும் அவள்தான்.

“அரைகுறை இல்லடி. கைய நேரா வைன்னு கத்தினேன், மாட்டேன்னுட்டா. ‘எல்லை தாண்டுற வரைக்கும் எம்மவள இந்த இடுப்புலதான் வெச்சிருந்தேன், அது அவ இடம்’னா. டீச்சர் அங்க வர்ணம் பூச பிரஷ் எடுத்துட்டுப் போனதுக்குச் சண்டைக்கே வந்துட்டா.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே.”

“ஏன் சொல்லலைன்னு நானும் கேட்டேன். ‘சொன்னா, தான் பாரமா இருந்தோம்னு நெனைச்சுக்கும்’னா.”

மகள் மண்டியிட்டுத் துணியைச் சுருட்டத் தொடங்கினாள். டீச்சர் மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தாள்.

மாலையில் பெட்டியை மூட வந்த ஆள் கையை நீட்டினார். “அந்தத் துணியையும் போத்திடணும்னு சொன்னீங்களேம்மா?”

அவள் கொடுக்கவில்லை. நழுவிய சுருளை இடது இடுப்பில் ஏற்றி, கையை மடக்கி அணைத்துக்கொண்டாள்.

“நீங்க மூடுங்கண்ணே.”