அமைச்சர் குடித்த தண்ணீர்

எல்லோரும் நலமாக இருக்கிறீர்களா? காலையில் வெயில், சாயங்காலம் மழை என்று இந்தப் பருவம் உடம்பைப் போட்டு உலுக்குகிறது. தண்ணீரைக் காய்ச்சியே குடியுங்கள். முழங்கால் வலிக்காரர்கள் காலை நன்றாக நீட்டி உட்கார்ந்துகொள்ளுங்கள். தண்ணீர் என்றதும்தான் இந்த அக்கா, தம்பி கதை நினைவுக்கு வருகிறது.

அக்கா எதிர்க்கட்சி எம்.பி. தம்பி ஆளும் கட்சியில் வெளியுறவு அமைச்சர். ஒரே வயிற்றில் பிறந்து, ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்து, ஆளுக்கொரு கட்சியில் போய் விழுந்தவர்கள். அரசியலுக்கு வருமுன் அக்கா தையல் கடை வைத்திருந்தாள். அதனாலும், சபையில் அவள் கேட்கும் கேள்விகள் சுருக்கென்று இறங்குவதாலும், பத்திரிகைக்காரர்கள் அவளுக்கு ஊசியக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. வெளியே காட்டிக்கொள்ளாத பெருமைதான்.

அந்த ஊசி எந்த அமைச்சரையும் விட்டுவைக்காது. தம்பி என்றால் கூடுதலாக ஒரு குத்து உண்டு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியமானால் தம்பி பெண்டாட்டியை அழைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்துவிடுவான். அங்கே ஒரு சட்டம். சபையில் நடப்பதைச் சாப்பாட்டு மேசையில் பேசக்கூடாது. மேசையில் பேசியதைச் சபைக்குக் கொண்டுபோகக்கூடாது. சட்டம் போட்டவள் தம்பி பெண்டாட்டி. ஏதோ ஒரு நாட்டோடு போட்ட ஒப்பந்தத்தைப் பற்றி அக்காவும் தம்பியும் கத்திக் கத்திப் பேசி, போட்ட சோறு ஆறி விறைத்துப்போன ஒரு நாளில் அவள் எழுந்து நின்று சொன்னாள்.

"உங்க கட்சியெல்லாம் செருப்போட சேர்த்து வாசல்லயே விட்டுட்டு வாங்க. போகும்போது மறக்காம மாட்டிக்கிட்டுப் போங்க."

அன்றிலிருந்து இருவரும் அதை மீறியதில்லை. அக்கா வீட்டுக்காரர் உயிரோடு இல்லை, பிள்ளை தூரதேசத்தில். அந்த ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு போய்விட்டால் அவளுக்கு வாரம் என்பதே இல்லை.

அந்த வருஷம் பக்கத்துத் தீவு நாட்டில் புயல் அடித்து, கிணறு குளத்திலெல்லாம் கடல்நீர் புகுந்துவிட்டது. நம் கதையில் வரும் அரசாங்கம் தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின்களைக் கப்பலில் அனுப்பியது. தம்பியே விமானத்தில் போய் ரிப்பன் வெட்டி ஒப்படைத்துவிட்டு வந்தான். பளபளவென்று நிற்கும் மெஷினுக்குப் பக்கத்தில், கையில் ஒரு டம்ளர் தண்ணீரோடு அவன் சிரிக்கிற படம் எல்லாப் பத்திரிகையிலும் முதல் பக்கத்தில் வந்தது. அக்கா அதை வெட்டி அலமாரிக் கண்ணாடியில் செருகி வைத்தாள். கட்சிக்காரர்கள் வீட்டுக்கு வந்தால் மட்டும் எடுத்து உள்ளே வைப்பாள்.

பாசம் வேறு, வேலை வேறு. அவள் வழக்கம்போல ஒரு கேள்வியும் எழுதிக் கொடுத்திருந்தாள். தீவு நாட்டுக்கு எத்தனை மெஷின் அனுப்பப்பட்டது, செலவு என்ன என்று. கேள்வியை முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். கொடுத்த பிறகு ஒரு சொல்லையும் மாற்ற முடியாது. அதிகாரிகள் பதில் தயாரிப்பார்கள், அமைச்சர் எழுந்து படிப்பார், கேட்டவருக்கு இரண்டு துணைக்கேள்வி உண்டு. இதுதான் முறை.

கேள்வியைக் கொடுத்துவிட்டு வந்த பிறகுதான் அந்த நர்ஸ் வந்தாள். அக்காவின் தொகுதிப் பெண், தீவு நாட்டு ஆஸ்பத்திரியில் வேலை, லீவில் வந்தவள். மக்கள் மனு கொடுக்கும் நாளில், பென்ஷன்காரர்களுக்கும் பட்டாக்காரர்களுக்கும் நடுவே பொறுமையாக உட்கார்ந்திருந்து, தன் முறை வந்ததும் மெல்லப் பேசினாள்.

"மெஷினெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வரிசையா நிக்குது. ஆனா அங்க வர்ற கரண்ட்டுக்கு அந்த மோட்டார் சுத்தாதாம். முகாம்ல இருக்கிறவங்க அது மேல துணி காயப்போடறாங்க. புள்ளைங்க இன்னும் குட்டைத் தண்ணியத்தான் குடிக்குது. வார்டுல வயித்துப்போக்கு நிக்கவே இல்ல."

விழா நடந்ததே என்று அக்கா கேட்டாள். ரிப்பன் வெட்டினார்கள், படம் எடுத்தார்கள், சுவிட்சை யாரும் போடவில்லை என்றாள் நர்ஸ். குறை சொல்லுகிற குரலாகக்கூட இல்லை அது. அதுதான் அக்காவைக் குடைந்தது.

கட்சிக் கொறடாவிடம் சொன்னாள். சபையில் யார் பேசுவது, யார் வெளிநடப்பு செய்வது என்று மேய்க்கிற மனிதர் அவர். உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டார். அமைச்சரின் நாற்காலியையே கவிழ்த்துவிடலாம் என்றார். கேள்வித்தாளை வாங்கிப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. அக்கா கேட்டிருந்தது அனுப்பினார்களா என்று மட்டும். ஓடுகிறதா என்று கேட்கவில்லை. அனுப்பினோம் என்று படித்துவிட்டு அமைச்சர் உட்கார்ந்துவிடுவார். துணைக்கேள்வியோ, அந்தப் பதிலிலிருந்து கிளம்புவதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் சபாநாயகர் வெட்டிவிடுவார். அவருக்குக் கத்திரி என்றே பெயர். வெட்டிவிட்டால் வெளியுறவுத் துறைக்கு மறுபடி கேள்வி நாள் வர மாசக்கணக்காகும். அதுவரை முகாமில் துணி காயும்.

"கடைவாசல்ல நின்னு துணி அளந்த கை, கேள்வியக் குட்டையா வெட்டிடுச்சே அக்கா" என்றார் கொறடா.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி கொஞ்சம் வாடித் தெரிந்தான். சின்ன வயசிலிருந்தே அவனுக்கு வயிறு சரியில்லை. ஊர் மாறினால் படுத்துவிடுவான். அக்கா சோற்றைப் போட்டுக்கொண்டே, வேறு எதையும் நினைக்காமல், அக்காவாகவே கேட்டாள்.

"அந்தத் தீவுத் தண்ணி உனக்கு ஒத்துக்கிச்சாடா?"

அவன் வாய் நிறைய சோற்றோடு சிரித்தான்.

"நான் எங்கக்கா அந்தத் தண்ணியக் குடிச்சேன்? படத்துல இருக்கிறது பாட்டில் தண்ணி. என் வயிறு தெரிஞ்ச செக்ரட்டரி, முன்னாடியே டம்ளர்ல ஊத்தி வெச்சிட்டாரு."

அக்காவின் கை கரண்டியோடு அப்படியே நின்றது. அவன் கள்ளம் இல்லாமல்தான் சொன்னான். மெஷின் ஓடாதது அவனுக்குத் தெரியவே தெரியாது என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்துவிட்டது. தெரிந்தவர்கள் அவனுக்குச் சொல்லவில்லை. இங்கேயே சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தாள். தம்பி பெண்டாட்டி தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தாள். அக்கா வாயை மூடிக்கொண்டு மோர் ஊற்றினாள்.

அதற்கப்புறம் அவளுக்கு நிம்மதி இல்லை. கேட்க வேண்டிய துணைக்கேள்வி கிடைத்துவிட்டது. ஆனால் கிடைத்த இடம் சாப்பாட்டு மேசை. தம்பி என்று நம்பிச் சொன்னதை எடுத்துக்கொண்டு போய் ஊரறியக் கேட்டால், அவன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை எந்த முகத்தோடு வருவான்? கேட்காவிட்டால், அந்த வார்டில் படுத்திருக்கும் பிள்ளைகளுக்கு அவள் என்ன பதில் சொல்வாள்? புரண்டு புரண்டு யோசித்தாள். கேட்டே தீர வேண்டும், ஆனால் முதுகுக்குப் பின்னால் இருந்து இல்லை என்று முடிவு செய்தாள்.

கேள்வி நாள் காலையில், சபைக்குள் போகும் நடைவழியில் தம்பி ஃபைலும் கையுமாக வந்தான். அக்கா வழியை மறித்தாள்.

"டேய், ஞாயித்துக்கிழமை நீ மேசையில சொன்ன ஒண்ணை இன்னிக்கு உள்ள கேட்கப் போறேன். சொல்லாம கேட்க மனசு வரல."

"எதை?" என்று அவன் கேட்கும்போதே மணி அடித்துவிட்டது. அவன் முகம் வெளிறிவிட்டது. பாவம், பிரதமர் குறட்டை விடுவதையும் அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நடித்துக் காட்டியிருந்தான்.

கேள்வி எண் கூப்பிட்டார்கள். தம்பி எழுந்து பதிலைப் படித்தான். இத்தனை மெஷின் அனுப்பப்பட்டது, இவ்வளவு செலவு. அதோடு நிறுத்தியிருந்தால் அக்காவுக்குக் கதவு அடைபட்டிருக்கும். ஆனால் அமைச்சரைக் குளிர வைக்க வேண்டும் என்று அதிகாரிகள் கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். மாண்புமிகு அமைச்சரே நேரில் சென்று அவற்றை மக்களின் பயன்பாட்டுக்கு ஒப்படைத்தார் என்று. ஆளும் கட்சிப் பெஞ்சில் மேசையைத் தட்டினார்கள். அக்கா எழுந்தாள்.

"அமைச்சர் நேர்ல போய் ஒப்படைச்சதாச் சொன்னார், சந்தோஷம். அன்னைக்கு அவர் கையில இருந்த டம்ளர் தண்ணி, அந்த மெஷின்ல இருந்து வந்த தண்ணிதானா?"

ஆளும் கட்சிப் பக்கம் சிரித்தார்கள். இதெல்லாம் ஒரு கேள்வியா என்று யாரோ முணுமுணுத்தார். சபாநாயகர் கத்திரி, கண்ணாடியை இறக்கிவிட்டுப் பதிலின் தாளை ஒருமுறை பார்த்தார். நேரில் போனதாக அமைச்சரே சொல்லியிருப்பதால் கேள்வி சரிதான் என்றார்.

தம்பி ஃபைலைப் புரட்டினான். வரக்கூடிய துணைக்கேள்விகள் என்று அதிகாரிகள் ஊகித்து எழுதிய பதில்கள் அதில் கட்டுக்கட்டாக இருந்தன. இது இல்லை. அதிகாரிகள் உட்காரும் மாடத்திலிருந்து ஒரு துண்டுச்சீட்டு அவன் கைக்கு வந்தது. அவன் படித்தான், மடித்தான், அக்காவைப் பார்த்தான். சின்ன வயசில் சட்டையில் மையைக் கொட்டிக்கொண்டு வாசலில் நின்ற நாளின் அதே முகம். ஆமாம் என்று அவன் சொல்லிவிட்டால், அவன் சோறு தின்றுகொண்டு சொன்ன வார்த்தையை வைத்தே அவனைப் பொய்யன் என்று அவள் சொல்ல வேண்டிவரும்.

"இல்லை" என்றான் தம்பி. "அது பாட்டில் தண்ணி. மெஷின் ஓடிச்சான்னு நான் பார்க்கல. பார்த்திருக்கணும்."

சபை பிய்த்துக்கொண்டது. எதிர்க்கட்சி மொத்தமும் எழுந்து நின்றது. பின்னால் இருந்து கொறடா அவள் தோளைத் தட்டி, ராஜினாமா, ராஜினாமாவைக் கேளுங்கள் என்றார். அவளிடம் மீதி இருந்தது ஒரே ஒரு கேள்வி.

"அந்த ஊர் கரண்ட் ஒத்துக்காம மெஷின் எல்லாம் சும்மா நிக்குது. வார்டுல பிள்ளைங்க படுத்திருக்கு. எந்தத் தேதிக்குள்ள அது ஓடும்?"

தம்பி ஃபைலைப் பார்க்கவில்லை. இந்தக் கூட்டத்தொடர் முடிவதற்குள் ஓடும் என்றான்.

அவ்வளவுதான். அக்கா உட்கார்ந்துவிட்டாள். பின்னால் கொறடா தலையில் கை வைத்துக்கொண்டார்.

கேன்டீனில் டீயை ஆற்றக்கூடப் பொறுக்காமல் அவர் பொரிந்து தள்ளினார். பாசம் கண்ணை மறைத்துவிட்டது, கட்சியின் கைக்கு வந்ததைத் தட்டிவிட்டீர்கள் என்றார். அக்கா அவரைப் பேசி முடிக்கவிட்டாள். பிறகு சொன்னாள்: அமைச்சர் ராஜினாமா செய்தால் ஒருநாள் தலைப்புச் செய்தி. வருகிற புது அமைச்சர் ஃபைலைக் கண்டுபிடிக்கவே கோடை வந்துவிடும். சபையில் ஒரு அமைச்சர் தேதி சொன்னால் அது, கொடுத்த வாக்கை நிறைவேற்றினார்களா என்று பார்க்கிற உறுதிமொழிக் குழுவுக்குப் போகும், அந்தக் குழுவில் நான் இருக்கிறேன். கொறடா டீயை ஆற்ற ஆரம்பித்தார்.

"அப்ப தம்பிக்காக இல்லைன்னு சொல்றீங்க?"

"தம்பிக்காகவும்தான்" என்றாள் அக்கா. அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இல்லை.

மறுநாள் பத்திரிகையில், பாட்டிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கும் அமைச்சராகத் தம்பியைக் கார்ட்டூன் போட்டிருந்தார்கள். சனிக்கிழமை தம்பி பெண்டாட்டி போன் செய்தாள்.

"அண்ணி, அவர் நாளைக்கு வரலையாம். நானும் பேசிப் பார்த்துட்டேன். சட்டத்தை நீங்கதான் உடைச்சீங்கன்னு நிக்கறார்."

உடைத்தது உண்மைதானே என்றாள் அக்கா. போனை வைத்துவிட்டு ரொம்ப நேரம் அடுப்படியிலேயே நின்றாள். ஆனாலும் மறுநாள் மூன்று பேருக்குத்தான் அரிசி போட்டாள்.

மதியம் தாண்டி, சோறு ஆறின பிறகு, கேட் சத்தம் கேட்டது. தம்பி முன்னால் வந்தான். பின்னால் அவன் பெண்டாட்டி சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தாள். அவன் கை கழுவிவிட்டு உட்கார்ந்தான். அக்கா சோறு போட்டாள். பாதிச் சோறு உள்ளே போனபிறகுதான் அவனுக்கு வாய் திறந்தது.

"நீ இங்கயே சொல்லியிருக்கலாம்ல? நானே சரி பண்ணியிருப்பேன்."

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப? செக்ரட்டரியக் கேட்டிருப்ப. எல்லாம் ஓடுதுன்னு அவர் எழுதித் தந்திருப்பாரு. நீயும் நம்பியிருப்ப."

அவன் மென்றுகொண்டே யோசித்தான். பிறகு, ஆமாம் என்பதுபோலத் தலையை ஆட்டினான்.

"அந்தச் சீட்டுல என்னடா எழுதியிருந்தது?"

"ஆமாம்னு சொல்லச் சொல்லி" என்றான். "சொல்லியிருப்பேன்கா. வேற யாரு கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன்."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பைத் துடைத்தாள். அடுப்பு சுத்தமாகத்தான் இருந்தது.

"இன்னொண்ணு" என்றான் அவன், குரலைத் தாழ்த்தி. "அந்தத் தேதிக்குள்ள முடியாதுக்கா. டிரான்ஸ்ஃபார்மர் வாங்கணும், கப்பல்ல ஏத்தணும், ஆளை அனுப்பணும். உன் முகத்தைப் பார்த்ததும் என்னமோ வாயில வந்துடுச்சு."

"அப்ப இங்க உட்கார்ந்து என்ன பண்ற? சீக்கிரம் சாப்பிட்டுக் கிளம்பு."

தம்பி பெண்டாட்டி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சபைப் பேச்சு மேசைக்கு நடுவில் வந்து உட்கார்ந்திருந்தது. அவள் அவனுடைய போனை எடுத்து அவன் இடது கையில் கொடுத்தாள். வலது கை காயக் காய அவன் துறைமுக அதிகாரியோடு பேசினான். அவன் தட்டில் அக்கா இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

கூட்டத்தொடர் முடிந்து சில நாள் கழித்துத்தான் மெஷின்கள் ஓடின. முகாமில் துணி காயப்போட வேறு கயிறு கட்டிக்கொண்டார்கள் என்று நர்ஸ் போனில் சொன்னாள். வார்டில் கட்டில்கள் காலியாகி வருகின்றனவாம். ஆனாலும் நாள் தவறியது தவறியதுதான் என்று உறுதிமொழிக் குழுவில் அக்கா தம்பியைக் கூப்பிட்டு நிறுத்தி விளக்கம் கேட்டாள். அவன் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அன்று வெள்ளிக்கிழமை என்பதால், ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன சமையல் என்று வெளியே வந்து விசாரித்தான்.

உங்கள் வீட்டிலும் ஆளுக்கொரு கட்சி, ஒரே மேசை என்று யாராவது இருப்பார்களே. சொந்த மனிதரை ஊருக்கு முன்னால் கேள்வி கேட்க வேண்டி வந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள், அதற்கப்புறம் அவர் சாப்பிட வந்தாரா? எழுதி அனுப்புங்கள், தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.